பெரியப்பாவின் மணிக்கட்டு

சென்னை
14.9.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் சந்தியா வணங்கி எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். மழை வந்தால் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அங்கே உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. பெரியம்மா வாங்கினால் "நல்லா கீறியா, துன்னியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். எதிர்வீட்டு ரம்யா அக்கா படித்துக்காட்டுவார் என்று அப்பா சொன்னதால் கடிதம் எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா இங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் மெம்பர்களின் மட்டைப் பையைச் சுமக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை மெம்பர்கள் வரமாட்டார்கள். அன்று பை சுமப்பவர்களின் பிள்ளைகளும் ஆடலாம். அப்படித்தான் நான் பழகினேன். எனக்கு முதல் வாத்தியார் அப்பாதான். "கரும்பு வெட்டற மாதிரி வா. அடியோட வா" என்றுதான் சொல்லிக்கொடுத்தார். என் பந்து தாழ்வாகப் பறந்து வெகுதூரம் போகும். என் வயதுப் பையன்கள் பொறாமைப்படுவார்கள்.

வருகிற மார்ச்சில் பெங்களூரில் ஒரு தேர்வு ஆட்டம் இருக்கிறது. அதில் தேறினால் பெண்கள் ஆடும் பெரிய போட்டிகளில் நானும் இறங்கலாம், அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம். அதற்காக தீனதயாளன் சார் என்ற கோச் எனக்குச் சும்மாவே பயிற்சி தருகிறார். அவர் முதல் நாளே என் குறையைக் கண்டுபிடித்துவிட்டார். என் பந்து நேராகக் கிளம்பி, போகப் போக இடது பக்கம் வளைந்து குளத்தில் விழுகிறது. காரணம் மணிக்கட்டாம். மட்டையின் அடியில் இருக்கும் இரும்புக்கு முகம் என்று பெயர். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகும். நான் வலது மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கியே வைத்திருக்கிறேன். அதனால் கூடச் சேர்ந்து பிடித்திருக்கும் இடது மணிக்கட்டு வெளியே புடைக்கிறது. மட்டையின் முகம் இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்கிறது.

"யாரும்மா உனக்கு இப்படிக் கை வெச்சது? இது கோல்ஃப் கை இல்ல. கரும்பு வெட்டற கை" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார், நம் வீட்டில் கரும்பு வெட்டியது அவருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் பையோடு நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் கை என்னுது இல்ல. எங்கண்ணனுது. அவரையே கேளு" என்றார். அதனால்தான் கேட்கிறேன் பெரியப்பா. கரும்பு வெட்டும்போது மணிக்கட்டை ஏன் அப்படி மடக்க வேண்டும்? மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு என் முத்தம்.

சந்தியா

*

கச்சிராயபாளையம்
2.10.2024

மகள் சந்தியாவுக்குப் பெரியப்பன் பிச்சைமுத்து சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு ரம்யா எழுதுவது. நானும் உன் பெரியம்மா செல்லியம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ரம்யா ஒருமுறை படித்தது. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். பாதியிலேயே வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டேன். யார் அந்த தீனதயாளன்? கரும்பு வெட்டும் கை என்றானே, அது என்ன திட்டா? அவன் குடிக்கிற காப்பியில் போடும் சர்க்கரையை எந்தக் கை வெட்டியது என்று அவனைக் கேள்.

ஏன் மடக்க வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன். கரும்பை மண்ணை ஒட்டி வெட்ட வேண்டும். இனிப்பு முழுக்க அடியில்தான் இருக்கிறது. மணிக்கட்டை நேராக வைத்தால் கத்தி நிமிர்ந்து வரும், ஒரு சாண் கட்டை நின்றுவிடும். நின்ற கட்டை அழுகினால் அதிலிருந்து தழைக்க வேண்டிய அடுத்த கரும்பும் கெடும். மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கு, கத்தி படுத்துக்கொள்ளும். விரல் முட்டி மண்ணை உரசிக்கொண்டு போகும். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

உன் அப்பன் ராசுவுக்கு அம்மை போட்டு எழுந்த வருஷம், எலவனாசூர்கோட்டையில் பண்ணையார் ஆதிமூலம் வயலுக்கு என் ஆட்களைக் கூட்டிப்போனேன். அன்று அவர் பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தார், தோளில் துண்டு இல்லை. வெட்டி முடித்த வயலில் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். காலில் ஒரு கட்டை குத்தவில்லை. "பிச்சைமுத்து வெட்டின வயல்ல குழந்தைய தவழ வுடலாம்டா" என்றார். அப்பேர்ப்பட்ட கையை உன் கோச் குறை என்கிறான். உன் அப்பன் தலையைக் குனிகிறான். அவனுக்கு வெட்கமில்லையா?

பந்து குளத்தில் விழுந்தால் அந்தக் குளத்தைத் தூர்க்கச் சொல். கையை மாற்றாதே. எனக்குப் பிள்ளை இல்லை. என் கை உன்னிடம்தான் வந்திருக்கிறது. மாற்றினால் என் மகள் என்று சொல்லிக்கொள்ளாதே.

ரம்யா மேல் ஒரு புகார். நான் 'இன்னா' என்றால் 'என்ன' என்று எழுதுகிறது. கேட்டால் "சண்டையாவது சுத்தமா இருக்கட்டும் மாமா" என்கிறது.

உன் அம்மாவின் முழங்காலுக்கு வெள்ளிமலையில் தைலம் கிடைக்கும். வாங்கி வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பன்

*

சென்னை
3.11.2024

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் சந்தியாவின் வணக்கம். தீபாவளிக்கு இங்கே மழை விட்டு விட்டுப் பெய்தது. எல்லோரும் நலம். அங்கே நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குளத்தைத் தூர்க்கச் சொன்ன இடத்தில் சிரித்தவர், அதற்கடுத்த வரியில் எழுந்து போய்விட்டார். மறுநாள் சாரிடம் போய், "சார், நிஜமாவே இது கரும்பு வெட்டற கைதான். எங்க பெரியப்பாவோடது" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் சும்மா சொன்னேன்மா. மன்னிச்சிக்கோ. அது மரியாதையான கைதான்" என்றார். பிறகு, "ஆனா கரும்பு நின்ன எடத்துல நிக்குது, இங்க பந்து போயாகணும். கத்தி படுக்கலாம், இந்த முகம் படுக்கக் கூடாது" என்றார்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை என் இடது முழங்கையிலிருந்து புறங்கை வரைக்கும் வைத்துக் கட்டிவிட்டார். மணிக்கட்டு வெளியே புடைத்தால் ஸ்கேல் குத்தும். எதிர்ப்பக்கம் மடிந்தால் முகம் திறந்து பந்து வலப்பக்கம் ஓடும். முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோடாக இருக்க வேண்டுமாம். அப்படி அடித்தால் பந்து நேராகத்தான் போகிறது. ஆனால் பாதித் தூரம்கூடப் போவதில்லை. யாரோ ஒருத்தி அடித்த பந்து மாதிரி இருக்கிறது.

அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் ஸ்கேலைக் கழற்றிவிடுகிறேன். குளத்துக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வலப்பக்கம் இருக்கும் வேப்பமரத்தைப் பார்த்து அடிக்கிறேன், பந்து தானாக வளைந்து நடுவுக்கு வந்துவிடுகிறது. போன திங்கட்கிழமை ஆட்டத்தில் நான்தான் முதல். அப்பா பையைக் கீழே போட்டுவிட்டு, "எங்கண்ணன் கைடா அது!" என்று கத்தினார். கிளப்பில் அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

இந்தக் கையோடுதான் பெங்களூருக்குப் போவேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் மட்டும் கொஞ்சம் நேரம் கழித்து எழுகிறேன்.

சந்தியா

*

கச்சிராயபாளையம்
8.12.2024

மகள் சந்தியாவுக்குப் பிச்சைமுத்துவின் ஆசி. நானும் உன் பெரியம்மாவும் கல் மாதிரி இருக்கிறோம். மலையில் பெய்த மழையில் கோமுகி ஆறு செம்மண் குழம்பாக ஓடுகிறது. அணையைத் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, பயப்படாதே. அங்கே உங்கள் வீட்டுக்குள் வந்ததா?

முதல் வந்தாய் என்று ரம்யா படித்ததும் உன் பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அந்த ஸ்கேல் சங்கதி எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்கேல் கோடு போடுவதற்கு. மாட்டுக்குக் கால் உடைந்தால்தான் குச்சி வைத்துக் கட்டுவார்கள். நல்ல கையில் குச்சி கட்டுகிறவனை வாத்தியார் என்கிறாய். நீ அதைக் கழற்றியது சரி. அவன் பார்க்கும்போதே கழற்றியிருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒரு வேலை ஒழுங்காகத் தெரியவில்லை. போன மாசம் கள்ளக்குறிச்சியில் புது எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, வழுக்குகிறது. மூன்று தரம் டீயைக் காலில் கொட்டிக்கொண்டேன். கடைக்கே போய் கேட்டேன். "வேற யாரும் சொல்லலியே பெரியவரே" என்கிறான் அந்தத் திருடன். சட்டை தைக்கிறவன் பட்டன் ஓட்டையை ஊசி நுழைகிற மாதிரி தைக்கிறான். தீக்குச்சி செய்கிறவன் அதை ஈர்க்குச்சி மாதிரி செய்கிறான், விரலுக்கு அகப்படுவதில்லை. கேட்பாரில்லை.

பொங்கலுக்கு உன் அப்பனை அனுப்பு. தைலம் தயாராக இருக்கிறது. கையை விடாதே. காலையில் நேரம் கழித்து எழுவது கெட்ட பழக்கம். நான் உன் வயதில் விடிவதற்குள் பாதி வயல் வெட்டியிருப்பேன்.

உன் சுகத்துக்கு உடனே எழுது.

பெரியப்பன்

*

கச்சிராயபாளையம்
20.1.2025

சந்தியாவுக்குப் பெரியப்பன் எழுதச் சொல்வது. நாங்கள் சுகம். உன் சுகம் தெரியவில்லை. என் கடிதம் போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வரி பதில் இல்லை. பட்டணத்தில் தபால் பெட்டியை எல்லாம் பிடுங்கிவிட்டார்களா?

உன் அப்பன் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனான். வந்தவன் வாயைத் திறக்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டால் "கீது, நல்லாத்தான் கீது" என்பதோடு சரி. பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்காதவன் மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபம் வராதா?

உன் பெரியம்மா இரண்டு இலை போட்டாள். எனக்கு வேண்டாம், விரதம் என்றேன்.

"மாட்டுப் பொங்க அன்னிக்கி இன்னாண்ணே விரதம்?" என்றான்.

"ஐயனாருக்கு நேர்ந்துக்கினேன்."

"எப்போ?"

"நீ யார்டா கேக்கறதுக்கு? துன்னுட்டு எழுந்திரு."

அவனும் சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டான். கறி வாசனை தெருவெல்லாம் அடிக்கிறது, வீட்டில் இரண்டு ஆம்பிளைகளும் பட்டினி. உன் பெரியம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல நாளில் அழுகிறாயே என்று அவளையும் திட்டினேன். என் தம்பி என் வீட்டில் கை நனைக்காமல் போனது இதுதான் முதல் தடவை. அவனை வளர்த்தது நான். அவமரியாதை இல்லையா இது? நீயே சொல்.

தைலத்தைக் கொடுத்தனுப்பினேன். உன் அம்மாவைச் சூடு பறக்கத் தேய்க்கச் சொல். நீ பதில் எழுது.

பெரியப்பன்

*

சென்னை
31.1.2025

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் சந்தியா வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். ரம்யா அக்கா மன்னிக்க வேண்டும்.

அப்பா ஊரிலிருந்து வந்ததிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. தைல பாட்டிலை என்னிடம் கொடுத்தார். பாதிதான் இருந்தது. வழியில் கொட்டியதா என்றேன். "கொட்டல" என்றார்.

ஒன்று கேட்கிறேன், திட்டாதீர்கள். உங்களுக்கு எப்போதாவது மணிக்கட்டு வலித்திருக்கிறதா? வலித்தால் எந்த இடத்தில்? அது தானாகப் போய்விடுமா? இப்போது உங்கள் கை எப்படி இருக்கிறது பெரியப்பா?

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சந்தியா

*

கச்சிராயபாளையம்
9.2.2025

சந்தியாவுக்குப் பிச்சைமுத்து. நாங்கள் சுகம்.

என் கைக்கு என்ன வந்தது? அப்பனுக்கு மகள் சரியாகத்தான் பிறந்திருக்கிறாய். அவன் பார்த்துப் பார்த்துக் கேட்டான், நீ எழுதிக் கேட்கிறாய். என் கை என் தோளில்தான் இருக்கிறது. பாட்டில் பாதி இருந்தால் வெள்ளிமலைக்காரன் பாதிதான் ஊற்றினான் என்று அர்த்தம். அவனும் திருடன்தான்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். ரம்யா படித்து முடித்ததும் அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். "படிக்கப் போறியா மாமா?" என்று சிரித்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு கை வேலை செய்திருந்தால் அது எப்படிச் செய்தது என்று தெரியும். உன் பழைய கடிதங்களையும் எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் எழுதியது கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி இருக்கிறது. இதில் ஒவ்வொரு வரியும் நிமிர்ந்து கிளம்பி, பாதியில் தளர்ந்து, கடைசியில் கீழே தொங்குகிறது. அடுத்த வரி மறுபடி நிமிர்கிறது, மறுபடி தொங்குகிறது. பஸ்ஸில் எழுதினால் எல்லா எழுத்தும் குதிக்கும். இது பஸ் இல்லை. ஒரு வரி எழுதி, கையை உதறி, மறு வரி எழுதியிருக்கிறாய்.

என் ஆட்களில் கை வலிக்கிறவன் வெட்டிய வயல் அப்படித்தான் இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டியது மண்ணோடு இருக்கும். பொழுது சாய வெட்டியது முழங்கால் உயரம் நிற்கும். "வலிக்கலண்ணே, கத்திதான் மொக்கை" என்பான். நான் கத்தியைப் பார்க்க மாட்டேன். அவன் எந்தக் கையால் தண்ணி குடிக்கிறான் என்று பார்ப்பேன்.

என்னிடம் பொய் எழுதாதே. எந்தக் கை? எந்த இடம்? எத்தனை நாளாக?

பெரியப்பன்

*

சென்னை
18.2.2025

பெரியப்பாவுக்கு சந்தியாவின் வணக்கம்.

வலது கை. மணிக்கட்டின் பின்பக்கம். தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. காலையில் குழாயைத் திருப்ப முடியவில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் விரல்கள் மடங்குகின்றன. அதனால்தான் நேரம் கழித்து எழுகிறேன் என்று எழுதினேன். அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். கையை இப்படிப் பின்னுக்கு மடக்கி வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் எலும்போடு எலும்பு இடிக்குமாம். ஓய்வு கொடுத்து, பிறகு கையை மாற்று, இல்லை ஆட்டத்தை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் முதலிலிருந்து சொன்னதும் அதுதான்.

நான் மாற்ற மாட்டேன் பெரியப்பா. இத்தனை வருஷத்தில் அந்த கிளப்பில் அப்பா நிமிர்ந்து நின்று நான் பார்த்தது, "எங்கண்ணன் கைடா" என்று கத்திய அந்த ஒரு நாள்தான். உங்கள் கையைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? மாற்றினால் உங்கள் மகள் இல்லை என்று எழுதினீர்கள். மார்ச் வரைக்கும் தாங்கிக்கொள்வேன். மாத்திரை இருக்கிறது.

பெரியம்மாவிடம் சொல்லாதீர்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தியா

அண்ணே, ராசு எழுதறேன். பாப்பாவுக்குத் தெரியாம இதக் கீழ சேக்கறேன். நான் சொல்லிப் பாத்துட்டேன், அவங்கம்மா சொல்லிப் பாத்துட்டா, கோச்சு சொல்லிட்டார். கேக்க மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தான் கேக்கும். பொங்கலுக்கு வந்தப்போ நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா அடிப்பீங்க. அண்ணி உங்களுக்கு ஊட்டறத சன்னல் வழியா பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். அத வந்து பாப்பாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு. உடம்ப பாத்துக்கோங்கண்ணே.

*

கச்சிராயபாளையம்
24.2.2025

சந்தியாவுக்கு.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அடங்காத கோபம்.

யாரைக் கேட்டு என் கையை எடுத்தாய்? நான் உனக்குக் கொடுத்தேனா? உன் அப்பனுக்குக் கற்றுக்கொடுத்தேன். எதற்கு? கத்தி பிடிக்க. கரும்பு வெட்ட. அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு போய், பந்து அடிக்கிற குச்சியில் மாட்டி உன்னிடம் கொடுத்துவிட்டான். நீயும் வாங்கி வைத்துக்கொண்டாய். இதற்குப் பெயர் என்ன? ஊரில் ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கினால்கூடச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

போன கடிதங்களில் நான்தான் கையை விடாதே என்று எழுதினேன் என்பாய். ஆமாம், எழுதச் சொன்னேன். அப்போது அது உன்னிடம் இப்படிச் சீரழிகிறது என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னாயா? மறைத்தாய். உன் அப்பன் பொங்கலுக்கு வந்து, வேடிக்கை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போனான். எங்கண்ணன் கை, எங்கண்ணன் கை என்று கிளப்பில் கத்தத் தெரிந்தவன், அந்தக் கையை சன்னல் வழியாகப் பார்த்ததை மகளிடம் சொல்ல வேண்டியதுதானே! அப்பன் வாயிலிருந்து வராததை நான் ரம்யா வாயால் கேட்டேன். படிக்கும்போது அது நிறுத்திவிட்டது. "படி புள்ள" என்று அதட்டினேன்.

எலவனாசூர்கோட்டை ஆதிமூலம் வெறுங்காலோடு நடந்தார் என்று பெருமையாக எழுதச் சொன்னேனே. நடந்தவர் குனிந்து கட்டையைத் தடவிப் பார்த்தார், மண்ணைத் தடவிப் பார்த்தார். வெட்டினவன் கையைப் பிடித்துப் பார்த்தாரா? சர்க்கரை மில்லுக்காரன் பார்த்தானா? வயலில் குழந்தை தவழலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இத்தனை காலம் நான் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் கோச்சு உன் கையைப் பிடித்துப் பார்த்தான். முதல் நாளே பார்த்தான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் செய்யாது. ஆனால் பார்த்தான்.

அதனால் சொல்கிறேன், கேள். அது என் கை. எனக்கு வேண்டும். திருப்பிக் கொடு. அவன் கட்டுகிற ஸ்கேலைக் கட்டிக்கொள். முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோடு என்றானே, அப்படி வை. பந்து பாதித் தூரம் போனால் பாதித் தூரம் போகட்டும். யாரோ ஒருத்தி அடித்த மாதிரி இருக்கிறது என்று எழுதினாய். அந்த யாரோ ஒருத்தியும் என் மகள்தான். என் கையோடு நீ பெங்களூருக்குப் போனதாக எனக்குத் தெரிந்தால் ரம்யாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, அத்தனை பேர் முன்னால் பிடுங்கிக்கொள்வேன்.

ராசுவுக்கு: உன்னை அடிக்க எனக்கு இன்னொரு கை இருக்கிறது. சித்திரைக்கு வந்து வாங்கிக்கொண்டு போ.

பிச்சைமுத்து

*

சென்னை
17.3.2025

என் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் சந்தியா எழுதுவது.

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் ஆட்டத்துக்குப் போகவில்லை. சாரே என் பெயரை எடுத்துவிட்டார். அன்று முழுக்க அழுதேன், அதையும் மறைக்க மாட்டேன். அடுத்த தேர்வு எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. அதற்குள் வலி போக வேண்டும், புதுக் கை வர வேண்டும். வருமா என்று தெரியாது. டாக்டர் சொன்னபடி நேற்று மெதுவாக, ஸ்கேலைக் கட்டிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பந்து எந்தப் பக்கமும் வளையவில்லை. அது நேராகப் போவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அப்பா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றும் கத்தவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் சுகம் என்றே இருக்கிறது. நான் உண்மையை எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. எப்படி இருக்கிறீர்கள்?

சந்தியா

*

கச்சிராயபாளையம்
25.3.2025

மகள் சந்தியாவுக்குப் பெரியப்பன்.

பந்து நேராகப் போனதில் உனக்கு என்ன சங்கடம்? நேராகப் போகிறதைப் பார்த்து வெட்கப்படுகிற குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். உன் பெயரை எடுத்ததற்கு அந்த தீனதயாளன் உன்னிடம் முன்னாலேயே சொன்னானா? சொல்லாமல் எடுத்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் இருக்கிறது, அவன் விலாசத்தை அனுப்பு.

என் சுகம் கேட்டாய். இதில் ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது என்று ரம்யாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

வலது கையில கட்டை வெரலு அடியில இருந்த சதை வத்திப் பள்ளமாக் கீது. மூணு வெரலு மரத்துப் போச்சு. சூடு தெரியல, குளுரு தெரியல. சோறு பெசைய வராது. உங்க பெரியம்மாதான் பெசைஞ்சி ஊட்டுது. உப்பு கம்மின்னா "வாய மூடிக்கினு துன்னுய்யா"ன்னுது. யாராச்சும் வந்துடப் போறாங்கன்னு கதவ சாத்திக்கினுதான் துன்னுவோம். இப்போ வெயிலு ஜாஸ்தி, தெறந்துதான் வெச்சிக்கினு கீறோம். ரம்யா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வான்னு உயிர எடுக்குது. திங்கக்கிழம போறோம். டாக்டரு என் கையத் தொட்டுப் பாக்காம சீட்டு எழுதினா அங்கியே சண்டைதான்.

மத்தபடி சுகம்.

பிச்சைமுத்து